தொண்ணூற்றேழு

லிங்கராஜபுரத்தில் தண்ணீர்
தொண்ணூற்றேழிலேயே கொதித்துவிடும்.
பெங்களூர் மேட்டில் இருக்கிறது,
காற்றின் பாரம் இங்கே கொஞ்சம் குறைவு
என்றான் டென்சில்,
கம்பெனியிலிருந்து கொண்டுவந்த வெப்பமானியைச்
சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே.

நூறு என்று எழுதி
முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.
கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த ஒன்பது வருடமும்
மூன்று பாகை குறைவாகத்தான்
சமைத்திருக்கிறேன்.

துவரம்பருப்பு வேகவில்லை.
நான் உப்பைச் சொன்னேன்.
அவன் டேங்கரைச் சொன்னான்.
மாமியார் போனில் என்னைச் சொன்னார்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும்
அடுப்பில் ஒரு லிட்டர் வைத்தோம்.
ஒரு சிட்டிகை உப்பு:
பாதரசம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
ஒரு தேக்கரண்டி:
ஏறிய மாதிரி, ஏறாத மாதிரி.
அறுபது கிராம், கை நிறைய,
நாய்கூட நக்காத கரிப்பு:
தொண்ணூற்றெட்டு.

இவ்வளவுதானா, என்றேன்.
இவ்வளவுதான், என்றான்.

உப்பு விழுந்த அந்த நொடி மட்டும்
சட்டி முழுக்கச் சீறி எழுந்தது.
அதைப் பார்த்துத்தான்
உப்பு போட்டால் சீக்கிரம் கொதிக்கும் என்று
யாரோ சொல்லி, யாரோ நம்பி,
என் வீடு வரை வந்திருக்கிறது.
கொதி அல்லவாம் அது.
குமிழி பிறக்க
ஒரு சொரசொரப்பு வேண்டும்,
உப்புக்கல் இடம் கொடுத்தது, அவ்வளவே.

வெப்பமானியை எதற்கு வீட்டுக்குக் கொண்டுவந்தாய் என்று
அன்றைக்கு நான் கேட்கவில்லை.

எங்கள் டேங்கர் தண்ணீர்
ஆயிரத்து இருநூறடி ஆழத்துப் பாறையைக்
கரைத்துக்கொண்டு வருகிறது.
வாளியில் பார்த்தால் பளிங்கு.
கெட்டிலின் அடியில்தான் அது எழுதும்:
முதலில் வெள்ளைப் புள்ளி,
பிறகு படை,
பிறகு நகத்தால் பெயர்க்க முடியாத ஓடு.
நான்கு நிமிடத்தில் கொதித்த கெட்டில்
இப்போது ஆறு நிமிடம் முனகுகிறது.
கொதிக்கிற எண் அதேதான்.
அந்த எண்ணுக்குப் போய்ச் சேருகிற வழிதான்
தடித்துவிட்டது.

டென்சிலுக்கு வேலை பீன்யாவில்,
பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் தயாரிக்கும் இடத்தில்.
உப்பில்லை, சுண்ணாம்பில்லை,
வாசனையில்லை, ருசியில்லை.
அந்தத் தண்ணீரில் ஒரு கேன்
மூன்று வாரமாய் எங்கள் ஷூ அலமாரிக்கடியில் இருந்தது.

டேங்கர் வராத ஒரு ராத்திரி
அதைப் புதுக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி
மைக்ரோவேவில் வைத்தேன்.
மூன்று நிமிடம்.
ஒரு குமிழி இல்லை.
ஒரு சத்தம் இல்லை.
குளத்துத் தண்ணீர் மாதிரி நின்றது.
சூடாகவில்லை போல என்று
காப்பிப்பொடியை ஒரு ஸ்பூன் போட்டேன்.

முழுத் தம்ளரும் எழுந்து என் மேல் வந்தது.
மேல்கூரையில் இன்னும் அந்தப் பழுப்புக் கறை இருக்கிறது,
வீட்டுக்காரர் ரெட்டிக்குத் தெரியாது.

அவன் ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்து
பக்கெட்டில் மிச்சமிருந்த டேங்கர் தண்ணீரைக்
குவளை குவளையாய் ஊற்றினான்.
சுத்தமான தண்ணீருக்குத்
தான் கொதிக்க வேண்டும் என்று தெரியாது,
நூறு தாண்டியும் சும்மா நிற்கும்,
எதாவது ஒன்று தொடுகிற வரைக்கும்
என்று சொல்லிக்கொண்டே வந்தவன்
நாலாவது குவளையில் நிறுத்தினான்.

ஸ்டெல்லா,
மூணு வாரமா எனக்கு வேலை இல்ல.

தினமும் டிபன் கட்டிக் கொடுத்தேனே.
எங்கே உட்கார்ந்து சாப்பிட்டாய்?

யஷ்வந்த்புரம் ஸ்டேஷன், இரண்டாவது பிளாட்பாரம்.
பருப்பு வேகவே இல்ல, என்றான்.

சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை,
கை எரிந்தது.

இப்போது தம்ளரில் தண்ணீர் சூடாக்கும்போதெல்லாம்
அவன் ஒரு ஐஸ்கிரீம் குச்சியைப் போட்டு வைக்கிறான்.
சின்னச் சின்னக் குமிழி
குச்சியைப் பிடித்து ஏறி வருகிறது.
நான் பக்கத்தில் நின்று
வாடகையைக் கேட்கிறேன்,
எல்.ஐ.சி.யைக் கேட்கிறேன்,
அந்த பிளாட்பாரத்தில் மின்விசிறி ஓடுமா என்று கேட்கிறேன்.